கிராஃபோகேம் செயலி: திரைக்கு முன் பிள்ளை, பக்கத்தில் யார்?

வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மேடம், வீட்டில் போட்டுக் கொடுக்க நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்களேன்." இந்தக் கேள்விக்கு நான் பெயர் சொல்லிப் பதில் தரும் செயலி ஒன்றுதான். அது பின்லாந்தில் உருவான கிராஃபோகேம். ஆனால் அதை நிபந்தனையோடுதான் சொல்கிறேன். அந்த நிபந்தனை என்ன, அது ஏன் தேவைப்படுகிறது என்பதை விளக்கவே இந்த மதிப்புரை. நான் பயன்படுத்தியது பிரிட்டிஷ் உச்சரிப்பு கொண்ட ஆங்கிலப் பதிப்பு. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் படிக்கும், வீட்டில் தமிழ் பேசும், பள்ளியில் ஆங்கில வழியில் கற்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பயன்படுத்தினேன். அந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு வாசகர்கள் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் 'கல்வி விளையாட்டு'களில் பெரும்பாலானவை விற்பனைத் திட்டத்திலிருந்து பிறந்தவை; இது ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினென் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் நீண்டகால ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 200 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு அது. அவர்களில் பாதிப்பேரின் தாய்க்கோ தந்தைக்கோ டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, இருந்தது. மற்றவர்களின் பெற்றோருக்கு அது இல்லை. வாசிப்புக் குறைபாடு குடும்பவழி வருவது என்பது அனுபவத்தில் பலருக்கும் தெரியும். "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லாத பாட்டிகள் குறைவு. ஆனால் அது எந்த வயதில், எந்த வடிவில் முதன்முதலாகத் தென்படுகிறது என்பதைத்தான் அந்த ஆய்வு தேடியது.

கிடைத்த விடை வியப்புக்குரியது. ஆறு மாதக் குழந்தைகளுக்கு 'அத', 'அத்த' என்பதுபோல் நடுவே உள்ள மெய்யின் நீளத்தில் மட்டும் வேறுபடும் ஒலிகளைக் கேட்கச் செய்து, தலையில் பொருத்திய மின்முனைகள் வழியே மூளையின் எதிர்வினையைப் பதிவு செய்தார்கள். குடும்பத்தில் வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளின் எதிர்வினை மற்றக் குழந்தைகளுடையதிலிருந்து அப்போதே மாறுபட்டிருந்தது. எழுத்து என்றால் என்னவென்றே அறியாத வயது அது! பின்னிஷ் மொழியில் மெய் இரட்டிக்கும்போது பொருள் மாறும். தமிழும் அப்படித்தான்: 'படு' என்பதும் 'பட்டு' என்பதும், 'எடு' என்பதும் 'எட்டு' என்பதும் ஒன்றல்ல. சொல்வதெழுதும்போது புள்ளி வைத்த எழுத்தை அடிக்கடி விட்டுவிடும் பிள்ளையை 'கவனக்குறைவு' என்று வீட்டுப்பாட நோட்டில் சிவப்பு மையால் எழுதி அனுப்பும் பழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அது கவனக்குறைவாக இல்லாமல், ஒலியைப் பிரித்து உணர்வதில் உள்ள சிக்கலாகவும் இருக்கலாம் என்பதை அந்த ஆறு மாதக் குழந்தைகளை நினைத்தாவது நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வின் அடிப்படையில், எழுத்தையும் அதற்குரிய ஒலியையும் பிணைக்கும் பயிற்சியைச் சிறு வயதிலேயே, சிறு அளவுகளில், சலிப்பில்லாமல் தருவதற்காக உருவாக்கப்பட்டதுதான் இந்த விளையாட்டு. பின்லாந்தில், கற்றல் சிக்கல்களை ஆராயும் நீலோ மாக்கி நிறுவனத்தோடு சேர்ந்து இது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சென்றது. பின்னர் பல மொழிகளில் பதிப்புகள் வந்தன. ஆய்வுக்கென்று பயன்படுத்தப்படும் வடிவத்தை இப்போது கிராஃபோலேர்ன் என்ற பெயரில் வழங்குகிறார்கள்.

இனி செயலிக்குள் போகலாம். பிள்ளை காதொலிப்பானை மாட்டிக்கொண்டதும் ஓர் ஒலி கேட்கிறது. 'எம்' என்ற எழுத்துப் பெயர் அல்ல அது. உதடுகளை மூடிச் சொல்லும் 'ம்' என்ற ஒலி. திரையில் சில எழுத்துகள் நிற்கின்றன அல்லது மேலிருந்து இறங்கி வருகின்றன. கேட்ட ஒலிக்குரிய எழுத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் விளையாட்டு மேலே போகிறது. தவறினால் சரியான எழுத்து காட்டப்பட்டு, ஒலி மறுபடியும் கேட்கிறது. திட்டு இல்லை, பெருக்கல் குறி இல்லை, வகுப்பு முழுதும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பிள்ளை எதில் தவறுகிறது என்பதைச் செயலி கவனித்துக்கொண்டே இருந்து, பெரும்பாலான கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்லும்படியும் சிலவற்றில் மட்டும் திணறும்படியும் அடுத்தடுத்த கேள்விகளை அமைக்கிறது. தனி ஒலிகளிலிருந்து ஒலிச்சேர்க்கைகளுக்கும், அங்கிருந்து சொற்களுக்கும் மெல்ல ஏறுகிறது. சிதறிக் கிடக்கும் எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்கும் பகுதிகளும் உண்டு.

ஒரு சிறுவன் விளையாடுவதை அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அவன் ஒன்றாம் வகுப்பு. 'பி', 'டி' என்று நாம் பெயர் சொல்லும், வயிறு வலப்பக்கமும் இடப்பக்கமுமாகத் திரும்பி நிற்கும் அந்த இரண்டு சிற்றெழுத்துகளையும் அவன் மாற்றி மாற்றித் தொட்டான். தவறியதும் ஒலி மீண்டும் வந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு, திரையைத் தொடுவதற்கு முன் அவன் உதடுகள் தாமாகவே மூடித் திறப்பதைக் கவனித்தேன். ஒலியைத் தன் வாயால் செய்துபார்த்துவிட்டு எழுத்தைத் தேடினான். வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே அதே எழுத்துகளைக் கரும்பலகையில் பார்த்தபோது அவனுக்கு அதற்கான நேரமும் வாய்க்கவில்லை, மறுபடி கேட்கும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. சலிக்காமல், முகம் சுளிக்காமல், அதே ஒலியை நூறு முறை திருப்பிச் சொல்லும் ஆற்றல் எந்த ஆசிரியருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. இந்தச் செயலியின் பெரும் பலம் அதுதான்.

மூளை அறிவியல் என்ற சொல்லை இந்தச் செயலியோடு சேர்த்துச் சொல்வதற்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. பேச்சுக்கென்று மனித மூளையில் இயல்பாகவே ஆயத்தம் இருக்கிறது. வாசிப்புக்கு அப்படி எதுவும் இல்லை. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே வாசிக்கக் கற்கும் ஒவ்வொரு பிள்ளையின் மூளையும், முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணப் பயன்பட்ட பகுதிகளில் ஒன்றை எழுத்துக்கென்று புதிதாகப் பழக்கியாக வேண்டும். இடப்பக்க மூளையின் பின்புற அடிப்பகுதியில் உள்ள அந்த இடத்திற்குப் பிரான்சைச் சேர்ந்த ஸ்தானிஸ்லாஸ் டெஹேன், லோரான் கோஹென் முதலியோர் 'காட்சிச் சொல்வடிவப் பகுதி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நன்றாக வாசிப்பவர்களிடம் எழுத்தைப் பார்த்த நொடியில் அது விழித்துக்கொள்கிறது. வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களிடம் அதன் செயல்பாடு குறைந்து காணப்படுகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்தைத் திருப்பி எழுதும் பழக்கத்திற்கும் இதில் ஓரளவு விளக்கம் உண்டு. இடப்பக்கம் பார்க்கும் பசுவும் வலப்பக்கம் பார்க்கும் பசுவும் ஒரே பசுதான் என்று கற்றுவைத்திருக்கும் பார்வைப் பகுதிக்கு, திரும்பினால் எழுத்தே மாறிவிடும் என்பது புதிய விதி. அதனால் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் அவ்வப்போது திருப்பி எழுதத்தான் செய்கிறார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இன்னும் வாசிக்கத் தெரியாத, ஜெர்மன் பேசும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை 8 வாரங்களில் மொத்தம் 4 மணி நேரத்திற்கும் குறைவாகக் கொடுத்தார்கள். ஒப்பிடுவதற்காக எண் விளையாட்டு ஒன்றும் கொடுக்கப்பட்டது. மூளை அலைப் பதிவாலும் காந்த அதிர்வுப் படங்களாலும் சோதித்தபோது, எழுத்து–ஒலி விளையாட்டை ஆடிய பிறகு, மேலே சொன்ன அந்த இடப்பக்கப் பகுதி எழுத்துகளுக்குத் தனியாக எதிர்வினை காட்டத் தொடங்கியிருந்தது. நான்கு மணி நேரம் என்பது ஒரு பிள்ளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கார்ட்டூன் பார்க்கும் நேரம். அவ்வளவு குறுகிய பயிற்சியில் மூளையில் அளக்கத்தக்க மாற்றம் தெரிந்தது என்பது சிறிய செய்தி அல்ல.

ஆனால் இந்தச் செய்தியை எந்த அளவுக்குப் பிடித்துக்கொள்வது என்பதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் நான்கு மணி நேரத்தில் சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வாசிப்புக்கான வாயில் ஒன்று திறக்கிறது என்பதே அதன் பொருள். நம் ஊரில் 'மூளை' என்ற சொல்லை விளம்பரப் பலகையில் ஏற்றிவிட்டால் எதையும் விற்றுவிடலாம் என்ற நிலை இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்க வைப்பதாகச் சொன்ன நடுமூளைத் தூண்டல் வகுப்புகளில் பணத்தைக் கட்டிவிட்டு, பிள்ளை இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போன பிறகு எங்களைத் தேடி வந்த பெற்றோரை நான் அறிவேன். பணம் போனதைவிடப் போன இரண்டு ஆண்டுகள்தான் பெரிய இழப்பு. வண்ணக் கண்ணாடிகளும் வண்ணத் தாள்களும் அதே வகைதான். டிஸ்லெக்சியாவுக்கு அவற்றால் பயன் உண்டு என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. இவற்றோடு ஒப்பிட்டால் கிராஃபோகேம் தன் எல்லையைத் தாண்டி எதையும் உரிமை கொண்டாடுவதில்லை. எழுத்தையும் ஒலியையும் பிணைப்பேன் என்கிறது, அதைச் செய்கிறது.

அப்படியென்றால் நிபந்தனை எதற்கு? இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே, கல்வித் திட்டங்களைச் சோதித்து முடிவை ஒளிக்காமல் வெளியிடும் அறக்கட்டளை ஒன்று, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆங்கிலத்துக்கென்று வடிவமைத்த கிராஃபோகேம் ரைம் என்ற பதிப்பை ஏறக்குறைய 400 பிள்ளைகளிடம் சோதித்து 2018இல் அறிக்கை தந்தது. ஒலிப்பு அறிவில் பின்தங்கிய, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் அவர்கள். பள்ளியில் வழக்கமாகக் கிடைக்கும் உதவியைப் பெற்ற பிள்ளைகளைவிட, விளையாட்டை ஆடிய பிள்ளைகள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறியதற்குச் சான்று இல்லை என்பதே முடிவு. பிறகு கேம்பிரிட்ஜ் தரப்பினர் அதே ஆய்வில் விளையாட்டில் வெகுதூரம் முன்னேறிய பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்து, அவர்களிடம் பயன் தெரிகிறது என்று எழுதினார்கள். விளையாட்டில் நன்கு முன்னேறக்கூடிய பிள்ளைகள் வாசிப்பிலும் எளிதாக முன்னேறக்கூடியவர்களாகவே இருந்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் எனக்கு உண்டு. அதனால் அந்த இரண்டாவது கணக்கை நான் அளவோடுதான் நம்புகிறேன்.

எனக்குத் தெளிவு தந்தது நார்வேயின் ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் உலகெங்கும் நடந்த கிராஃபோகேம் ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த கணக்கீடு. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சொல் வாசிப்பில் ஏற்பட்ட சராசரிப் பயன் ஏறக்குறைய சுழியம். ஆனால் பிள்ளையின் அருகில் பெரியவர் ஒருவர் அமர்ந்து, பேசி, ஊக்கி, விளையாட்டில் வந்ததைப் புத்தகத்தோடு இணைத்துக் காட்டிய ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தபோது பயன் தெளிவாகத் தெரிந்தது. கல்வி ஆய்வுகளில் நடுத்தரம் என்று சொல்லத்தக்க அளவு அது. சாம்பியாவின் லுசாகா நகரப் பள்ளிகளில், உள்ளூர் மொழியான சின்யாஞ்சாவில் இதே விளையாட்டைச் சோதித்தபோதும், பிள்ளைகளோடு ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடிய இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. ஆக, செயலியை நிறுவிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கோ அலுவலக அழைப்புக்கோ போய்விடும் வீட்டில் இது இன்னொரு மொபைல் விளையாட்டு மட்டுமே. அதையே அம்மாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து நடத்தினால் பாடமாகிறது.

பக்கத்தில் உட்காருவது என்றால் என்ன செய்வது? நான் கடைப்பிடிக்கும் முறை மிக எளியது. பத்துப் பதினைந்து நிமிட விளையாட்டு முடிந்ததும் டேப்லெட்டை மூடிவிட்டு ஒரு சிலேட்டை எடுப்பேன். அன்று திரையில் வந்த நான்கைந்து ஒலிகளை நான் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். திரையில் தொடுவது அடையாளம் காணும் வேலை; மூன்று நான்கு எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் ஊகத்துக்கும் இடம் உண்டு. வெறும் சிலேட்டில் எழுதும்போது ஊகிக்க எதுவும் இல்லை. திரையில் எல்லாவற்றையும் சரியாகத் தொட்ட பிள்ளை சிலேட்டின் முன் பல்பத்தைப் பிடித்துக்கொண்டு விழிப்பது அடிக்கடி நடக்கும். எது உள்ளே போயிருக்கிறது, எது போகவில்லை என்பது அங்கேதான் தெரியும். பிறகு அந்த எழுத்துகளே வரும் இரண்டு மூன்று சொற்களைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பேன். கடைசியாக, பிள்ளைக்குப் பிடித்த கதை ஒன்றை நான் வாசித்துக் காட்டுவேன். பிள்ளை கேட்டால் போதும். எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குக் கதையின் மேல் வெறுப்பு வந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பதிப்பைப் பயன்படுத்தும்போது வேறு சில கூடுதல் சிக்கல்கள் வருகின்றன. அவை செயலியின் பிழைகள் அல்ல. அது வேறொரு நாட்டுப் பிள்ளையின் காதுக்கென்று செய்யப்பட்டது. 'வேன்' என்பதில் உள்ள 'வி' ஒலியையும், 'வாட்டர்' என்பதில் உள்ள 'டபிள்யூ' ஒலியையும் நாம் பேசும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். பிரிட்டிஷ் குரல் அவற்றைப் பிரித்துச் சொல்லும்போது பிள்ளை திகைக்கிறது. தவறு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் 'பம்பரம்' என்னும் சொல்லில் வரும் இரண்டு பகரங்களும் எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. தமிழில் எழுத்துக் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து என்பதைத் தனியே சொல்லித்தர வேண்டும். இந்த இடங்களில் பக்கத்தில் இருப்பவர் "அந்த அக்கா அப்படிச் சொல்றாங்க, நாம இப்படிச் சொல்லுவோம், எழுத்து இதுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிக்கல் தீர்ந்துவிடும். அப்படிச் சொல்ல ஆள் இல்லையென்றால், இல்லாத குறை ஒன்று பிள்ளையின் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தியாவிலும் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளிடம் இதன் ஆய்வு வடிவம் சோதிக்கப்பட்டு 2018இல் முடிவு வெளியானது. கணித விளையாட்டு ஆடியவர்களைவிட இவர்களுடைய எழுத்து–ஒலி அறிவு கூடியிருந்தது. என் அனுபவமும் அதையே சொல்கிறது: எழுத்து–ஒலி பிணைப்பு விரைவில் கூடுகிறது, சொற்களைச் சரளமாக வாசிப்பது அந்த வேகத்தில் வருவதில்லை, அதற்குத் தனி உழைப்பு தேவைப்படுகிறது.

என் பெரிய ஏக்கம் வேறு. தமிழில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதே தரத்தில் ஒரு விளையாட்டு வேண்டும். அதற்குப் பின்னிஷ் பதிப்பையோ ஆங்கிலப் பதிப்பையோ எடுத்து எழுத்துகளை மட்டும் மாற்றினால் போதாது. பின்னிஷில் ஏறக்குறைய ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. இருபதுக்குச் சற்று மேற்பட்ட பிணைப்புகளைக் கற்றால் எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிவிடலாம். தமிழில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247. அவற்றுக்குள் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கு கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்று எழுதும்போது கொம்பும் துணைக்காலும் ககரத்தை இருபுறமும் சூழ்ந்துகொள்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டு என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை அங்கே என்ன செய்யும்? உகரத்தின் குறியோ 'கு', 'சு', 'து' என்று வரிசைக்கு வரிசை வடிவம் மாறுகிறது. ககரத்துக்குக் 'கல்' என்பதில் ஓர் ஒலி, 'தங்கம்' என்பதில் இன்னோர் ஒலி, 'மகன்' என்பதில் மற்றோர் ஒலி. ணகர னகரமும் ரகர றகரமும் பல வீடுகளின் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ளகர ழகரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காதில் வேறுபாடு இல்லாத ஒலிகளுக்குத் திரையில் வேறு வேறு எழுத்துகளைக் காட்டி 'சரியானதைத் தொடு' என்று சொன்னால், பிள்ளைக்கு அது தேர்வே அல்ல, சூதாட்டம்.

ஆகவே தமிழுக்கு வரும் செயலி, அரிச்சுவடி அட்டவணையை வரிசையாக ஒப்பிக்க வைப்பதாக இருக்கக் கூடாது. 'ககா கிகீ' என்று ராகத்தோடு ஒப்பித்துவிட்டு, 'கீரி' என்ற சொல்லைக் காட்டினால் மீண்டும் 'க'விலிருந்து விரல் விட்டுக்கொண்டு வரும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் பார்த்திருப்பார். மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக உணர்ந்து சேர்க்கும் பயிற்சி, சொற்களில் மிகுதியாக வரும் எழுத்துகளுக்கு முதலிடம், ஒலியால் பிரிக்க முடியாத ணகர னகரங்களைச் சொல்லோடு சேர்த்தே கற்பித்தல் ஆகியவை வேண்டும். கன்னட எழுத்துகளைப் பிள்ளைகள் கற்கும் விதத்தை ஆராய்ந்த சோனாலி நாக், முழுத் தொகுதியையும் கைவசப்படுத்த நான்காம் வகுப்பைத் தாண்டியும் ஆகிறது என்று காட்டியிருக்கிறார். நம் எழுத்து கன்னடத்தைவிட எளிது. இருந்தாலும் ஒன்றாம் வகுப்பு முடிவில் எல்லா எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சற்றே தளர்த்திக்கொள்ள அது இடம் தருகிறது. தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்பு வாரியாக அன்றி அவர்கள் நிற்கும் நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் எண்ணத்தைக் கொண்டுவந்தது. அத்தகைய வகுப்பறையில் ஒரு நல்ல தமிழ் எழுத்து–ஒலி விளையாட்டு அழகாகப் பொருந்தும்.

காலம் பற்றியும் ஒரு சொல். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தீவிரப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் அடிப்படைச் சொல் வாசிப்பில் அடைந்த முன்னேற்றம், அதே பயிற்சியை மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நம் நாட்டிலோ, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்து டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதையும் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்த பிறகு, 2018இல் வெளியான வழிகாட்டு நெறிகள் பள்ளிகள் மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லின. சான்றிதழும் எட்டு வயதுக்குப் பிறகுதான். சான்றிதழுக்கு அந்த வயது பொருத்தமானதாக இருக்கலாம். அவசரப்பட்டு ஐந்து வயதில் முத்திரை குத்துவதை நானும் விரும்பவில்லை. ஆனால் பெற்றோர் பலர் இதைப் 'எட்டு வயது வரை ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். உதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை. பெயர் எதுவும் சூட்டாமலேயே ஐந்தரை, ஆறு வயதில் எழுத்து–ஒலிப் பயிற்சியைத் தொடங்கலாம். குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் அதனால் கேடு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இத்தகைய செயலி மிகவும் பயன்படுகிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? யு.கே.ஜி. முடித்தது முதல் இரண்டாம் வகுப்பு வரை உள்ள, ஆங்கில எழுத்துகளின் பெயர் தெரிந்தும் ஒலி தெரியாமல் தடுமாறும் பிள்ளைக்கு, நாள்தோறும் கால் மணி நேரம் உடன் உட்காரும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், தயங்காமல் பரிந்துரைப்பேன். காதொலிப்பான் கட்டாயம், தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் 'எஃப்' ஒலிக்கும் 'எஸ்' ஒலிக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்து–ஒலி அறிவு ஏற்கெனவே இருந்து, வாசித்ததன் பொருள் புரியாமல் திணறும் பிள்ளைக்கு இது உதவாது; அங்கே சொல்வளமும் பேச்சும்தான் தேவை. நான்காம் வகுப்பைக் கடந்த பிள்ளைகளுக்கு இதன் படங்களும் பரிசுகளும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அவர்களை நேரே பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடம் அழைத்துச் செல்வதே நல்லது. சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கி வருகின்றன.

விலை பதிப்புக்குப் பதிப்பு மாறும். வாங்கும்முன் எந்த மொழி, எந்த உச்சரிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும் நாளில், செயலியைத் திறப்பதற்கு முன், பிள்ளைக்கு எந்தெந்த எழுத்தின் ஒலி தெரியும் என்று காகிதத்தில் சோதித்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஒழுங்காக நடத்திய பிறகு அதே எழுத்துகளை வேறு காகிதத்தில் வரிசை மாற்றிக் கேளுங்கள். செயலி காட்டும் நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காகிதத்தில் முன்னேற்றம் தெரிந்தால் தொடருங்கள். தெரியவில்லையென்றால் இன்னும் எட்டு வாரம் என்று தள்ளிப்போடாமல், அந்த இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு, முதலில் செவித்திறனும் கண்பார்வையும் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, முறையான மதிப்பீட்டுக்குப் போங்கள். மதிப்பீடு செய்பவருக்கு அந்த இரண்டு காகிதங்களும் மிகவும் உதவும்.